பாவோடு நடந்த ஐந்து வாரங்கள்

2008-ஆம் வருஷம், ஆரணியில், எங்கள் வீட்டில் நடந்தது இது. ஆனி மாதம் ஆரம்பித்து தீபாவளிக்கு முடிந்தது. நடுவில் ஐந்து வாரங்கள் உண்டு. அந்த ஐந்து வாரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றும் எனக்கு மூச்சு வாங்கும். அவ்வளவு வேகமாகச் சொல்வேன். பள்ளியில் கூட வேலை பார்க்கிறவர்கள் "மெதுவா, மெதுவா" என்பார்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பட்டு நெசவாளி. சின்னப் பிள்ளையிலேயே தறிக்கு உட்கார்ந்துவிட்டவர். அம்மா வீட்டில் நூல் சுற்றுவாள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் பி.எஸ்ஸி. முடித்து, பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சரானேன். தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். ரேஷன் கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துப் பிழை பார்ப்பது, மருந்து பாட்டிலில் போட்டிருப்பது, எல்லாமே. அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன். நான் நடந்து போனாலே "டீச்சர் போகுது" என்று தெரிந்துவிடும்.

அந்த ஆனி மாதம் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளினார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். வேறு இடத்துக்குப் பரவவில்லை. முதலில் மூன்று முறை மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், அதன் பிறகு ஆபரேஷன் என்றார்கள்.

அம்மா அழுதாள். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துவிட்டு, "டீச்சரம்மா, இனிமே எனக்கு நீதான். நீ சொல்றபடி கேக்கறேன்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், தறியை நிறுத்தியது. எங்கள் வீட்டில் கூடம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. அதில் பாதிக்குமேல் குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம் வெட்டியிருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிப்பார். காற்று வருவதும் ஃபேன் இருப்பதும் அந்த இடத்தில்தான். தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலை முடிந்ததும், ஆள் வைத்துத் தறியின் பாகங்களைக் கழற்றிப் பரணில் ஏற்றினேன். குழியின் மேல் கனமான பலகைகளைப் போட்டு மூடினேன். அந்தப் பலகையின் மேல் கட்டிலைப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்தேன்.

"ஒடம்புக்கு ரெஸ்ட்டு வேணும்பா. எழுந்திருக்கவே கூடாது" என்றேன்.

"பாத்ரூமுக்காவது போலாமா டீச்சர்?" என்றார்.

கஞ்சி, ஜவ்வரிசி, இளநீர், பழச்சாறு. வயிற்றுக்கு எதுவும் கனமாகப் போகக் கூடாது என்று நானே ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பக்கத்தில் படமும் போட்டேன். தேசூரிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, "படுத்துக்கோ, படுத்துக்கோ, நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் இருந்தார்கள். "பொண்ணு எப்படிப் பாத்துக்குது பாரு" என்றார்கள். மருந்து ஏற்றிய வாரங்களில் அப்பா வாந்தி எடுத்தார், வாயெல்லாம் புண். அப்போதும் எடை மட்டும் பெரிதாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒவ்வொரு தடவையும் எடையைக் குறித்துத் தருவார்கள். அந்தச் சீட்டை நான் என் மார்க் ஷீட்டைப் போலத் தெருவில் காட்டிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி பிறந்த வாரம். மூன்று தடவை மருந்தும் முடிந்து, ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்க்கப் போனோம். மூன்றாவது மாடியில் அவர் அறை. ஐம்பது வயதிருக்கும் அம்மாள். சிரிப்பும் வேகமும் சேர்ந்தவர். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நல்ல செய்தி. கட்டி நல்லாவே சுருங்கியிருக்கு."

நான் அம்மாவின் கையை நசுக்கிவிட்டேன். அம்மா அங்கேயே சேவித்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டர். "கட்டி சுருங்கியிருக்கு. அப்பாவும் கூடச் சேர்ந்து சுருங்கிட்டாரு."

நான் உடனே எடைச் சீட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் கைப்பிடியின் பலம் பார்க்கிற ஒரு கருவியைக் கொடுத்து, "முழு பலத்தோட அழுத்துங்க" என்றார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, "கையை மார்ல கட்டிக்குங்க. கையை ஊனாம அஞ்சு வாட்டி எழுந்து உக்காருங்க" என்றார். அப்பா ஒருமுறை எழுந்தார். இரண்டாவது முறை பாதியில் தொடை நடுங்கி, தொப்பென்று உட்கார்ந்தார். நாளெல்லாம் மிதிப்பலகை மிதித்த கால் அது. அப்பா வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

டாக்டர் படத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். இடுப்புக்கு மேலே உடம்பைக் குறுக்கே பார்க்கிற படம். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தசை. ஆரோக்கியமான தசை ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்குமாம். அப்பாவுடையதில் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியிருந்தது. தசைக்கு நடுவே கொழுப்பு புகுந்திருக்கிறது என்றார். அளவு கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, தரம்தான் ரொம்பப் போய்விட்டது என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஏழாம் வகுப்புக்குத் தசை பாடம் நடத்துகிறவள் நான். பாடப்புத்தகத்தில் தசை இருக்கிறதா இல்லையா என்பதுதான் உண்டு. நல்ல தசை, கெட்ட தசை என்று எதுவும் இல்லை.

அப்பா எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். "டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் படத்தைக் கொஞ்சம் கையில குடுப்பீங்களா?"

வாங்கி, ஜன்னல் பக்கம் போய், கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். சேலையில் குறை தேடுகிறபோது அப்படித்தான் பிடிப்பார்.

"நெருக்கம் இல்லாத சேலைங்க இது" என்றார். "அகலம் சரியா கீது. நீளம் சரியா கீது. எடை போட்டாக்கூட நிக்கும். குறுக்கே போற ஊடையைச் சரியா அடிக்காம வுட்டுட்டான். மடிச்சு வெச்சா ஒருத்தனுக்கும் தெரியாதுங்க. கட்டி ரெண்டு வாட்டி உக்காந்து எழுந்தா இழை வுட்டுடும்."

டாக்டர் படத்தை வாங்கிக்கொண்டார். "அதேதான்" என்றார். "அதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது."

"இதைக் கட்டிகினு ஆபரேஷன் பண்ண முடியாதுங்களா?"

"நான் பண்ணிடுவேன். அதுக்கப்புறம் தாங்க வேண்டியது உங்க உடம்பு. சளியை இருமித் துப்பறதுக்குத் தசை வேணும். மூச்சை இழுக்கறதுக்கு வேணும். தையல் ஆறுறதுக்கு, எழுந்து நடக்கறதுக்கு எல்லாத்துக்கும் அதுதான். நல்லா ஆபரேஷன் பண்ணியும் இதனால கஷ்டப்பட்டவங்களை நான் பார்த்திருக்கேன்." பிறகு, "யாரு உங்களைப் படுக்கச் சொன்னது?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. அப்பா என் பக்கமே பார்க்கவில்லை. "யாரும் சொல்லலீங்க. எனக்குத்தான் சோம்பேறித்தனம்" என்றார்.

அவர் சோம்பேறி என்று ஆரணியில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"நான்தான் மேடம்" என்றேன். கஞ்சி, பலகை, கட்டில், சுவரில் ஒட்டிய பட்டியல், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. முக்கால்வாசி வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள் என்றார். அதுவே எனக்குத் திட்டாக இருந்தது. முக்கால்வாசி வீடு மாதிரி இருக்கக் கூடாது என்றுதானே நான் படித்தேன்!

ஐந்து வாரம் கெடு கொடுத்தார். மருந்தின் களைப்பு தீர எப்படியும் அவ்வளவு நாள் வேண்டுமாம். அதற்குள் தினமும் நடக்க வேண்டும், எழுந்து உட்கார்ந்து காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், முட்டை, மீன், பருப்பு, பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும். "அடுத்த வாட்டி லிஃப்ட்ல வரக்கூடாது. கீழேர்ந்து இந்த அறை வரைக்கும் நடுவுல நிக்காம ஏறி வாங்க. வந்தீங்கன்னா மறுநாளே அட்மிஷன்."

"முடியலைன்னா மேடம்?"

"கட்டி ரொம்ப நாள் காத்திருக்காது. அப்ப வேற வழி பார்க்கணும். அது இவ்வளவு நல்ல வழியா இருக்காது."

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுத்தேன். அம்மா மறு பக்கம் பிடித்தாள். கட்டில் வாசலுக்குப் போனது. பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். குழிக்குள் மூன்று மாதத்துத் தூசி, ஒரு செத்த பல்லி. அப்பா விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். முழு நாளும் வராத ஒரு பெருமூச்சு அப்போதுதான் வந்தது.

குழியில் இறங்கி ஏறுவதையே காலுக்குப் பயிற்சியாக வைத்தோம். முதல் நாள் நான்கு தடவை. கையை ஊன்றித்தான் ஏற முடிந்தது. அதில் சிக்கல் இல்லை. நடப்பதில்தான் பெரிய பேஜார். "சும்மா எப்படி நடக்கறது?" என்றார். எங்கள் தெருவில் ஆம்பளை கையை வீசிக்கொண்டு போனால் எங்காவது போகிறான் என்று அர்த்தம். போய்விட்டுத் திரும்பி, மறுபடியும் போனால் புத்தி சரியில்லை என்று அர்த்தம். இரண்டாவது நாள் வற்புறுத்தித் தெருமுனைவரை அனுப்பினேன். என் அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, ஜட்ஜு அய்யா மாதிரி வாக்கிங் போறே? நாய் ஒண்ணு வாங்கிக் கயிறு கட்டி இழுத்துகினு போ, சரியா இருக்கும்."

அவ்வளவுதான். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன். டீச்சர் குரலும் பலிக்கவில்லை.

நான்காம் நாள் காலை, வெயில் ஏறுமுன், எதிர்வீட்டு மாமா தெருவில் பாவு நீட்டினார். அவரும் அப்பாவும் ஒன்றாகத் தறி கற்றவர்கள். இரண்டு மூன்று சேலைக்கு வேண்டிய நீள நூல்கள், ஆயிரக்கணக்கில், தெரு நடுவே இரு முனையிலும் கழி வைத்து இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதுதான் பாவு. கஞ்சி தெளித்து, காயவைத்து, அறுந்த இழைகளைத் தேடி முடி போட்டுக்கொண்டே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்க வேண்டும். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இடது பக்கம் ஒண்ணு போயிடுச்சு பாரு."

மாமாவுக்குத் தெரியவில்லை.

"அங்க இல்லடா. ஜல்தி. காத்துல சுத்திக்கப் போவுது... கண்ணு இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?"

சொல்லிக்கொண்டே அப்பா எழுந்துவிட்டார். நடந்து போய் இழையைப் பிடித்தார். முடி போட்டார். அங்கேயே நிற்காமல் அடுத்த முனைவரை போனார். திரும்பி வந்தார். மறு பக்கம் போனார். நான் உள்ளே ஓடி, பையிலிருந்து சாக்பீஸை எடுத்துவந்து, ஒவ்வொரு நடைக்கும் சுவரில் ஒரு கோடு போட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று! மூன்று நாளாக என்னால் முடியாததை ஒற்றை இழை செய்துவிட்டது. பதினான்காவது நடையில் அப்பா வேர்த்துப்போய்ப் படியில் உட்கார்ந்து, "இந்த ஆளு எப்பவுமே இப்படித்தான், கவனம் கெடையாது" என்று மாமாவைத் திட்டினார். தான் நடந்தது அவருக்கே தெரியவில்லை.

அன்று முதல் எனக்கு ஒரே வேலை. பள்ளி விட்டதும் தெருத்தெருவாகப் போய், "நாளைக்குக் காலையில யாரு வீட்டுப் பாவு?" என்று கேட்பேன். கேட்டுவைத்து, காலையில் அப்பாவிடம், "அந்தத் தெருவுல ஒருத்தருக்குக் கை ஆள் வேணுமாம்" என்று சும்மா சொல்லுவேன். தீபாவளி வேலை நேரம். நெய்கிற வீடுகளில் பாவுக்குப் பஞ்சமில்லை. அப்பா முன்னே போவார். கொஞ்சம் பின்னால் நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவேன், தலை சுற்றினால் உட்கார. சாக்பீஸ் கோடுகள் இருபது, இருபத்தைந்து, முப்பது என்று ஏறின. எத்தனை வீட்டுச் சுவரை நான் கெடுத்தேனோ!

ஒருநாள் எதிர்வீட்டு மாமாவின் பாவில் அப்பா ஓர் இழையைப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது தானா போன இழை இல்ல. எவனோ கடிச்சிருக்கான்."

மாமா வேறு பக்கம் பார்த்தார்.

"டேய், உன்னைத்தான். உன் பாவை நீயே எதுக்குடா கடிச்சே?"

"இன்னா மச்சான் பண்றது? நல்ல பாவா போயிடுச்சு, ஒரு இழைகூட அறுந்து தொலைக்கல. உன் பொண்ணு நேத்து வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு நிக்குது. நீ நடக்கணுமாம்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்டூலின் பின்னால் ஒளியப் பார்த்தேன். சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது. பாவு இல்லாத நாளிலும் நடந்தார். அத்தை வாயைத் திறப்பதற்குள் அவரே, "அக்கா, நாய் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சாப்பாட்டில் இன்னொரு போராட்டம். புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டை, மீன் எதுவும் கிடையாது. அப்பா சனிக்கிழமை ஒருவேளைதான் சாப்பிடுகிறவர். பருப்பும் வேர்க்கடலையும் பாலுமாக ஒரு வாரம் தள்ளினோம். வாய்ப்புண்ணோடு கடலை இறங்கவில்லை. ஒருநாள் அம்மா இரண்டு முட்டையை அவித்து உரித்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். வாழ்நாளில் அப்பாவை எதிர்த்துப் பேசாதவள்.

"புரட்டாசிடி" என்றார் அப்பா.

"தெரியும். பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அவரு வீட்டுக்காரம்மாவுக்கும் என் கஷ்டம் தெரியும். நீ முழுங்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். அம்மா என் பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்து, முட்டை ஓட்டை அதில் மடித்து எறிந்தாள்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பெரிய தவறு ஒன்று செய்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கு ஒத்திகை பார்க்க ஆரணியில் எங்கே போவது? பக்கத்தில் இருக்கிற திருமலைக்குப் பஸ் ஏறினோம். அங்கே சமணக் கோயிலிலிருந்து மலைமேல் படிகள் போகும். அப்பா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் நின்றார். உட்கார்ந்தார். உதடு வெளுத்துவிட்டது. சுற்றுலா வந்த பிள்ளைகள் இரண்டு இரண்டு படியாகத் தாண்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். "இதுக்கே இப்படின்னா அங்க எப்படி ஏறப்போறேன்?" என்றார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மீதி இரண்டே வாரம். போதாததற்கு மறுநாள் மழை. மழையில் பாவு நீட்ட முடியாது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான் பள்ளியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். இரண்டாவது நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அப்பா குழிக்குள் காலை விட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கையை மார்பில் கட்டியிருந்தார். விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு நூறுவரை எண்ண வராது. இருபது வந்ததும் ஒரு புளியங்கொட்டையை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். மூன்று கொட்டை இருந்தது.

"யாருப்பா சொல்லிக்குடுத்தாங்க இப்படி?"

"யாரு சொல்லணும்? மலை ஏற முடியலன்னு வந்த ஆளுக்குக் கோவம் வராதா? நீ போயி காப்பி போடு டீச்சர்."

ஐப்பசி பிறந்தது. கெடு முடிந்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிஃப்ட் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன், "பெரியவரே, வாங்க, இடம் கீது" என்றார். அப்பா, "எனக்கு இன்னிக்குப் படி" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் மாடி சுலபமாகப் போனது. நான் ஒரு படி பின்னால், அம்மா பையோடு அதற்கும் பின்னால். இரண்டாவது மாடிக்குப் போகும்போது மூச்சு சத்தம் கேட்டது. எதிரே ஒரு கூட்டம் இறங்கிவந்தது. ஒதுங்க வேண்டும் என்றால் நிற்க வேண்டுமே! "வழி வுடுங்க, வழி வுடுங்க, நிக்கக் கூடாது" என்று நான் கத்தினேன். என்னமோ ஏதோ என்று எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாவது மாடிக்குக் கடைசி வளைவில் அப்பாவின் வேகம் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் கால் யோசித்துத்தான் எழுந்தது. என் கை அவர் முழங்கைக்குப் போனது.

"கையை எடு."

எடுத்தேன். அறிவியல் பாடம் நடத்துகிறவள், கோயிலில்கூட வாய்விட்டு வேண்டாதவள், ஒவ்வொரு படிக்கும் வேண்டிக்கொண்டே எண்ணினேன். ஐந்து. நான்கு. மூன்று. அப்பா சுவரைத் தொடவில்லை. இரண்டு. ஒன்று. மேலே போய்விட்டார்! அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் குதித்தேன். ஆமாம், இத்தனை வயசு ஆன டீச்சர், ஆஸ்பத்திரி வராந்தாவில், நிஜமாகவே குதித்தேன்.

டாக்டர் கதவைத் திறந்துவந்து, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். சத்தம் உள்ளே கேட்டதாம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியதால் பேச முடியவில்லை. கருவியைக் காட்டி, கொடுங்கள் என்று கையை நீட்டினார். முள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. நாற்காலியில் ஐந்து முறை கேட்டதற்கு எட்டு முறை எழுந்தார். டாக்டரே "போதும்ங்க, போதும்" என்று பிடித்து உட்காரவைத்தார்.

"இழை முழுசா நெருங்கிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "அஞ்சு வாரத்துல அது நடக்காது. ஆனா இந்த உடம்பை நம்பி நான் கத்தி எடுக்கலாம். நாளைக்கு வாங்க."

ஆபரேஷன் அரை நாளுக்குமேல் நடந்தது. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். தீபாவளி ஆஸ்பத்திரியில்தான். ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கிறபோது அப்பா உடம்பெல்லாம் குழாயோடு கிடந்தார். மறுநாள் காலை நர்ஸ் வந்து, அவரை எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்றார். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் இரண்டு, கையில் ஒன்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது வலியில் அவர் முகம் கோணியது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"வேணாம்ப்பா, படுத்துக்கோ" என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐந்து வாரம் அவரைத் தெருத்தெருவாக நடக்கவைத்த எனக்கே அப்படி வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. குழியை மூடிக் கட்டில் போட்டேனே, அது அவர் உடம்புக்காகப் போட்டதில்லை. அவர் அசையாமல் என் கண் முன்னால் படுத்திருந்தால் என் பயம் அடங்கும் என்று எனக்காக நான் போட்டுக்கொண்டது. வார்த்தையை முழுங்கினேன். குழாய்ப் பையை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். அப்பா சளியை இருமித் துப்பினார், காலை ஊன்றினார், எழுந்தார். வார்டின் கடைசி ஜன்னல்வரை போய்த் திரும்பினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒருநாளைக்கு எட்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். பழைய எடை வரவில்லை. சோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் "இதுவரைக்கும் நல்லா இருக்கு" என்கிறார். அதற்குமேல் எந்த உறுதியும் தருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. இப்போதும் தெருவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். அதைப் பிரிப்பதற்கு முன்னால் நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்றைக்கு எழுந்தீர்களா, எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்கிறேன். ஏனென்றால் ஒருவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் செய்கிற எத்தனையோ காரியங்கள் நம் பயத்தைப் படுக்கவைப்பதற்குத்தான் என்று அந்த வார்டில் ஒரு கையில் குழாய்ப் பையோடு நின்றபோது எனக்குத் தெரிந்துவிட்டது.